கீழ்மடையை அழைத்த மணி

ஏரி நிறைந்தால் அரசர்கள் சிரித்த காலம் ஒன்று உண்டு. ஏரி நிறைந்தால் அரசனுக்குத் தூக்கம் போன காலமும் ஒன்று உண்டு. நான் சொல்லப்போவது அந்த இரண்டாவது காலத்துக் கதை.

நெடுங்கோட்டு நாட்டைக் கோதண்டவர்மன் ஆண்டு வந்தான். அங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதன் கரையடியில் கீழ்மடை என்ற ஊர், முந்நூறு வீடுகள். ஏரிக்கரை விரிசல் விட்டுவிட்டது. முழுதாக அடைக்க அடுத்த கோடை வரவேண்டும். அதற்கு முன்னே ஒரு மழைக்காலம் இருக்கிறதே!

"கரை உடைந்தால் மக்களை எப்படிக் காப்பாற்றுவது?" என்று மன்னன் சபையில் கேட்டான்.

சபையில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த அரண்மனைச் சமையல்காரி உமையாண்டாளின் காதிலும் அது விழுந்தது. அவளுடைய ஒரே மகள் பூவாயி கீழ்மடையில் வாழ்க்கைப்பட்டவள். காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் கட்டிலோடு கிடந்தாள். என்னோடு வந்துவிடு என்றால், "ஊரெல்லாம் இங்கே இருக்க நான் மட்டும் ஓடி வரவா அம்மா?" என்று மறுத்துவிட்டாள். பெற்ற மனம் என்ன பாடுபடும்!

தளபதி மழவராயர் மீசையை முறுக்கினார். "முரசு அடித்தால் ஓடிவிட்டுப் போகிறார்கள்!" என்றார். ஒருநாள் அடித்துப் பார்த்தார்கள். ஊரே ஓடியது. எங்கே என்கிறீர்கள்? நேரே ஏரிக்கரைக்கு, மண்வெட்டியும் கூடையுமாக! கீழ்மடையில் முரசு கேட்டால், கரையை அடைக்க வா என்றுதான் பாட்டன் காலத்திலிருந்து பொருள். பாவம், தளபதிக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்து மந்திரி சாத்தனார் குதிரை வீரர்களை அனுப்பினார். "ஓடுங்கள்! ஓடுங்கள்!" என்று அவர்கள் கத்தினார்கள். "எங்கே ஐயா ஓட?" என்று ஊரார் கேட்டார்கள். அது குதிரைக்காரனுக்கே தெரியாது. பாதிப் பேர் கிழக்கே ஓட, பாதிப் பேர் மேற்கே ஓட, ஊர் நடுவே இருந்த பாலத்தில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பூவாயியின் கட்டிலை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதாக, உமையாண்டாள் மோர்ச்செம்பைக் கீழே வைத்தாள்.

"மகாராசா, எல்லாரும் போ போன்னு விரட்டறாங்க. வான்னு யாராச்சும் கூப்பிட்டாங்களா? ஊர்ப்பக்கத்துக் குன்றிலே ஒரு கொட்டகையும் ஒரு மணியும் குடுங்க. நான் சோறு போட்டுக் கூப்பிடறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை.

அரிசியும் விறகும் பானைகளும் குன்றில் ஏறின. மாதம் ஒருநாள் உச்சிவேளையில் மணி அடிக்கும். மணி கேட்டால் வரவேண்டும், ஏன் எதற்கு என்பதை மேலே வந்து கேட்டுக்கொள்ளலாம். தெருவுக்கு ஒரு வரிசை. ஒரு தெருவில் கடைசி ஆள் வரும்வரை அந்தத் தெருவுக்கு இலை போடமாட்டாள். இவ்வளவுதான் அவள் போட்ட சட்டம்.

முதல் மாதம் சாப்பாட்டுராமன்கள் மட்டும் வந்து, பசியோடு திரும்பினார்கள். இரண்டாம் மாதம் பாதி ஊர் வந்தது. மூன்றாம் மாதம் கிழவர்களையும் நோயாளிகளையும் தோளில் சுமந்துகொண்டு ஊர் முழுவதும் வந்தது.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "ஒத்திகைதானே? மணியை மட்டும் அடித்தால் போதாதா? அரிசியை ஏன் வீணாக்குகிறாய்?"

"தெருவோட சேர்ந்து வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பினா, நாளைக்கு நிசமா கூப்பிடறப்போ எவன் சாமி வருவான்?" என்றாள்.

ஐப்பசி பிறந்தது. ஏழு நாள் விடாத மழை. எட்டாம் நாள் காலை, கரை இனித் தாங்காது என்பதற்கு அடையாளமாகக் கரைக்காவலன் சிவப்புத் துணியை வீசினான்.

உமையாண்டாள் உலையை ஏற்றச் சொல்லிவிட்டு மணியைப் பிடித்தாள். "இன்னைக்கு முறை இல்லையே!" என்று முனகிக்கொண்டே ஊர் ஏறி வந்தது. குயவர் தெரு வந்தது. உழவர் தெரு வந்தது. நெசவாளர் தெரு மட்டும் வரவில்லை. பூவாயி இருக்கும் தெரு அது.

உமையாண்டாள் பாதையை எட்டிப் பார்த்தாள். கயிற்றை விட்டுவிட்டு ஓடலாமா? ஆனால் மணியடிப்பவளே கீழே ஓடினால், ஏறுகிறவர்கள் என்னவோ ஏதோ என்று அவள் பின்னாலேயே திரும்பிவிடுவார்களே! மகளே, மகளே என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அடித்தாள். உள்ளங்கை தோலுரிந்தது.

அப்போது பாதைத் திருப்பத்தில் ஒரு கட்டில் தெரிந்தது. சேற்றில் வழுக்கி, தோள் மாற்றித் தோள் மாற்றி, நெசவாளர் தெரு முழுவதும் அதைச் சூழ்ந்து மெதுவாக ஏறி வந்தது. ஒருவர்கூட முந்தி ஓடி வரவில்லை.

கட்டிலைக் கொட்டகையில் இறக்கினார்கள். சிறிது நேரத்தில் இடி இடித்தாற்போல் கரை உடைந்தது. முந்நூறு கூரைகளும் கண்ணெதிரே தண்ணீருக்குள் போயின. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

உமையாண்டாள் மகளின் ஈரத்தலையைத் துவட்டிவிட்டு எழுந்தாள். நெசவாளர் தெருவுக்கு இலை போட்டாள்.

"வீடு போயிருச்சு. ஆள் ஒண்ணும் குறையலை. உட்காருங்க, சாப்பிடுங்க" என்றாள்.

ஆபத்திலிருந்து மக்களைக் காக்க விரும்புகிறவர், ஓடு என்று சொல்வதற்கு முன்பே, எல்லோரும் வந்து சேர ஓர் இடத்தையும் யாரையும் விட்டுவிடாமல் வருகிற பழக்கத்தையும் உண்டாக்கி வைக்க வேண்டும்.