இரண்டாவது மாடி நாற்காலி

"நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன் மாஸ்டர்."

வேதவல்லி லேப் சீட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்ன, அறைந்தாள்.

குரு பௌசியாவுக்கு இருபத்தாறு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று. வேலூரில், மூன்றாவது மாடியிலிருந்த அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் யாரும் வயதைப் பார்த்துக் குருவைத் தேடுவதில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"போன மாசம் கொழுப்பு முப்பத்தொன்பது சதவீதம். இப்பதான் கீழ லேப்ல மெஷின்ல ஏறி நின்னேன். நாப்பத்து மூணாம். நாலு மாசமா நாக்கைக் கட்டி, வாயைக் கட்டி, என்ன புண்ணியம்?"

பௌசியா சீட்டைப் பார்த்தாள்.

"தை மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம். ஓசூர்ல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 'அத்தையால ஏற முடியாது, சம்பளத்துக்கு ஆள் வெச்சுக்கலாம்'னு மாப்பிள்ளை சொல்றாரு. என் பேரப்பிள்ளையை எவளோ குளிப்பாட்டணுமா?"

சொல்லும்போதே அழுகை முட்டியது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தண்ணி?"

"ஒரு சொட்டு இறங்கல. நேத்து சஷ்டி. முருகனுக்கும் ஆச்சு, மெஷினுக்கும் ஆச்சுன்னு..."

பௌசியா சிரித்தேவிட்டாள். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிங்க."

"முதல்ல பதில் சொல்லு."

"முதல்ல குடிங்க."

குடித்தாள்.

"அந்த மெஷின் கால் வழியா லேசா கரண்ட் விட்டுத்தான் கணக்குப் போடுது. ஒடம்பு காஞ்சு கிடந்தா கரண்ட் சரியா ஓடாது. அதையும் கொழுப்புன்னு எழுதிடும். முருகன் மன்னிப்பாருக்கா. மெஷின் மன்னிக்காது."

"அப்போ இந்த நாப்பத்து மூணு பொய்யா?"

"நாலு நாள் ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டுப் போய் ஏறிப் பாருங்க."

"அதுவும் ஏதோ ஒரு நம்பர்தானே? எதை நம்பி என் பொண்ணுகிட்ட வர்றேன்னு சொல்றது?"

பௌசியா வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு நாற்காலி கிடக்கு. எடுத்துட்டு வாங்க."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள் வேதவல்லி.

அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்குத் தெரியாததா? அவளுக்காகவே போட்டது. ஆடி மாதம் சேர்ந்த புதிதில், பாதி வழியில் அதில் பொத்தென்று உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க எல்லாத் தெய்வத்தையும் கூப்பிடுவாள்.

நாற்காலி அங்கேயேதான் இருந்தது. உட்காரும் இடத்தில் கனமாகத் தூசி. தூசிமேல் ஒரு பூனை நடந்து போன தடம்.

விரலால் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக எப்போது இதில் உட்கார்ந்தாள்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. சற்று முன் சீட்டும் கோபமுமாக இதைத் தாண்டித்தான் ஏறிப் போயிருக்கிறாள். கண்ணில்கூடப் படவில்லை.

நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. தன்னையறியாமல் சிரித்தாள்.

நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி படியேறினாள்.

"தேன்மொழி, ஆளெல்லாம் வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு. நான் வர்றேன்."

"அம்மா, அவசரப்படாதே. இங்க மூணு மாடி. சரி, இப்ப நீ எங்க இருக்கே? ஏதோ தடதடன்னு சத்தம் கேக்குது?"

"மாடி ஏறிட்டிருக்கேன்டி."

மறுமுனையில் தேன்மொழியின் குரல் உயர்ந்தது.

"ஏறிக்கிட்டேவா பேசுறே?"