எண்பது தப்படி மஞ்சள்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். தெரியாததைக் கேட்கப் போகிறவருக்கு வயது எதற்கு?

குருவின் பெயர் சுகந்தி. சிங்காநல்லூரில் பீங்கான் பல் செய்து டாக்டர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தில் சின்னச் சின்ன விமானங்கள் செய்வார். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருவார்.

சீடர் சென்னியப்பன், திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் நாற்பது வருடம் நிறம் சேர்த்தவர். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணி அனுப்பினால், அதே நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவருவது அவர் வேலை. கடுகளவு மாறினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். நிறம் பார்க்க மெஷின் வந்த பிறகும் முதலாளி கடைசியில் சென்னியப்பனைத்தான் கூப்பிடுவார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சம்பாதித்த தலைக்கனம் என்பதால் மன்னித்துவிடலாம்.

முதல் நாள் வந்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெற்றிலை அளவு. மஞ்சள் நிறம்.

“இந்தத் துணியோட பிளேன் எனக்கு வேணுங், அம்மிணி.”

சுகந்தி அதைத் திருப்பிப் பார்த்தார். கெட்டி லினன். மேலே நாலைந்து பூச்சு ஏறி, காய்ந்த தோல்போல் விறைப்பாக இருந்தது.

“பழைய துணி றெக்கைங்கண்ணா. ரெட்டைச் சிறகுங்களா?”

“ஆமாங். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அக்கா அப்புடித்தான் சொல்லுவாங்க.”

“நீங்க பாக்கலீங்களா?”

“நானும் இருந்தனாமா. நாலு வயசு. ஒண்ணும் ஞாபகமில்லீங்.”

நடந்தது இதுதான். பல்லடம் பக்கத்தில் அவர்கள் கொறங்காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். ஒரு சந்தை நாளில் பெரியவர்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருக்க, மத்தியானம் ஒரு மஞ்சள் விமானம் தடுமாறி வந்து அந்த நிலத்தில் இறங்கியது. ஒரு மணி நேரம் நின்றது. பிறகு பறந்து போனது. பார்த்தது ஒன்பது வயது பாவாத்தாளும் அவள் தம்பியும் மட்டும்தான். மறுநாள் கிளுவை முள்ளில் மாட்டியிருந்த இந்தத் துண்டைப் பாவாத்தாள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

யாரும் நம்பவில்லை. கிழிந்த பட்டத்தின் துணி என்றார்கள். கல்யாணமாகிப் போன ஊரில் அவளுக்குப் ‘பிளேன்காரி’ என்றே பேர் வந்தது. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, அவள் பேரனின் காதுகுத்து. பந்தியில் மருமகன் கேட்டான். “மாமா, நீங்களும்தான கூட இருந்தீங்க? சொல்லுங்க பாக்கலாம்.”

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல மாப்ள. அக்கா கனாக் கண்டிருப்பாங்க.”

பந்தியே சிரித்தது. பாவாத்தாளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தைமாதம் அக்கா வீட்டில் வெள்ளையடித்தார்கள். டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது துண்டு சென்னியப்பன் கையில் பட்டது. நாற்பது வருடம் துணி தொட்ட கை. பட்டமும் இல்லை, சேலையும் இல்லை என்று அதற்கு உடனே தெரிந்துவிட்டது. காதுகுத்துப் பந்தியில் தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“இதை நான் எடுத்துக்கட்டுங்களாக்கா?”

“எடுத்துக்க. எனக்கெதுக்கு இனி?”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் வித்தையை நம் ஊரில் எந்தத் தம்பிக்கும் யாரும் கற்றுத் தருவதில்லை. அதைவிட விமானம் கட்டுவது சுலபம் என்று அவர் நினைத்தார்.

“அக்கா பாத்ததும் ‘இதேதான்’னு சொல்லோணுங். அது போதும் எனக்கு,” என்றார்.

“கட்டலாங்கண்ணா,” என்றார் சுகந்தி.

எட்டு மாதம் ஆயிற்று. நெட்டிபோல் லேசான பால்சா மரத்தில் சிறகுக்குள் வரும் விலாக்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தேய்த்தார்கள். நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு. சிறகு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சென்னியப்பன் செய்த முதல் சிறகு பொரித்த அப்பளம்போல் முறுக்கிக்கொண்டது. சிறகை விறைப்பாகப் பிடிக்கும் இழுப்புக் கம்பிகளை எல்லாம் ஒரே பக்கமாக முறுக்கியிருந்தார்.

“ஏனுங் இப்புடி ஆயிப்போச்சு?”

“எதிர்க் கம்பி சும்மா கெடக்குது பாருங்.”

அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று காத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. அவர் வீட்டம்மாவுக்கு அதைவிட நிம்மதி.

விலாக்கள்மேல் பட்டுக் காகிதம் ஒட்டி முடிந்தது. இனி நிறம். இது என் ராஜ்ஜியம் என்று சென்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். துண்டைப் பக்கத்தில் வைத்து, மஞ்சளில் ஒரு பொட்டுச் சிவப்பு, ஒரு துளி பழுப்பு என்று மூன்று வாரம் கலந்தார். கடைசியில் பூசின இடத்தில் துண்டை வைத்தால் துண்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

விமானம் முழுக்கப் பூசி, நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“என்னமோ பொம்மையாட்ட இருக்குதுங்.”

“ஆமாங்கண்ணா.”

“கலரு தப்புங்களா?”

“கலரு அச்சு அசல் அதேதான். கொஞ்சம் வெள்ளை சேக்கோணும்.”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. “அசலேதாங்கறீங்க. அதுல போயி வெள்ளையைக் கலக்கச் சொல்றீங்க?”

“பிளேனைப் பதினாறு மடங்கு சின்னதாக்கீட்டோம். கலரை மட்டும் அப்புடியே உட்டுட்டோம்.”

“கலருக்கு ஏதுங் அம்மிணி அளவு? பல்லுக்கு வேணா நீங்க சொல்றது செரியா இருக்கும். துணியில எனக்குச் சொல்லாதீங்க.”

சொன்ன பிறகு வாயைக் கடித்துக்கொண்டார். சுகந்தி கோபித்துக்கொள்ளவில்லை.

“அடுத்த வாரம் வரும்போது, இந்தத் துண்டோட கலருல ஒரு மீட்டர் துணி சாயம் போட்டுக் கொண்டாறீங்களா?”

கொண்டுவந்தார். பழைய பட்டறையில் தானே நின்று போட்ட சாயம். துண்டையும் துணியையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சுகந்தி அதை வாங்கிக்கொண்டு, அவரை மொட்டைமாடியில் பெயின்ட் புட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் தெருக் கோடி வீட்டு மாடிக் கொடியில் மஞ்சள் துணி காய்ந்தது. போன் அடித்தது.

“தெரியுதுங்களாண்ணா?”

“நல்லாத் தெரியுதுங்.”

“கண்ணுக்குத் தெரியற கலரைக் கலந்து வைங்க.”

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பொய் செய்ய வராது. துணியைப் பார்த்தார், கலந்தார், அட்டையில் தீற்றினார், மறுபடியும் பார்த்தார். இதுதான் என்று மனசு சொன்னபோது தூரிகையைக் கீழே வைத்தார்.

சுகந்தி துணியோடு மாடியேறி வந்து அட்டைமேல் அதைப் போட்டார்.

அட்டையில் இருந்தது வெளிறிய மஞ்சள். லேசாக ஆகாயம் கலந்ததுபோல் இருந்தது. துணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சென்னியப்பன் வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். “எனக்குக் கண்ணு போயிருச்சுங்களா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்.”

“பொறவு?”

சுகந்தி துணியை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“தூரம் ஆக ஆக நடுவுல இருக்கற காத்து கலரை வெளுத்துரும். அக்கா எங்க நின்னு பாத்தாங்கண்ணா?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஐம்பத்தேழு வருடத்துக் கதை. அக்கா எங்கே நின்றாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனார். பாவாத்தாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்குப் பிளேன் வந்துச்சே. நீங்க எங்க நின்னு பாத்தீங்க?”

கீரை ஆயும் கை நின்றது. “கனவுல எங்க நின்னா என்ன?”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லீங்கக்கா. எனக்குத் தெரியோணும்.”

பாவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டாள்.

“கெணத்து மேட்டுல நின்னன். இடுப்புல நீ.”

“கிட்டப் போகலீங்களா?”

“எங்க போறது? போலாம்னு ஒரு எட்டு வெச்சா நீ வீல்னு கத்தற. எறங்கிக் கெழக்க ஓடற. அந்தச் சத்தம் உனக்கு ஆகல. தூக்கி வெச்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டன். ஓட்டுறவன் எறங்கி என்னமோ ரிப்பேர் பாத்தான். என்னைப் பாத்துக் கை ஆட்டி வா வான்னான். எனக்குப் போகோணும்னு உசுரா இருந்துச்சு. அந்த றெக்கையை ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும்னு.” அவள் சிரித்தாள். “உனக்கு எப்புடி ஞாபகமிருக்கும்? அது போற மட்டும் நீ மூஞ்சிய என்ற தோள்ல பொதைச்சவன் எடுக்கவே இல்லியே. நீ பாக்கவே இல்ல சாமி.”

பதினைந்து வருடத்தில் அவள் அந்தக் கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். சென்னியப்பன் துணியும் பெயின்ட் புட்டிகளும் இருந்த பையை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குப் போனார்.

கிணறு வற்றிக் கிடந்தது. மேடு இருந்தது. வேலியில் ஒரு பக்கம் இன்னும் கிளுவை நின்றது. மஞ்சள் துணியை வேலிமேல் விரித்துவிட்டு, அங்கிருந்து மேடுவரை எண்ணி நடந்தார். எண்பது தப்படி. உச்சிவெயிலில் மேட்டில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் கலந்தார். இவ்வளவு தூரத்தில் நின்று, தொடவேண்டும் என்று துடித்துக்கொண்டு, அழுகிற தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒன்பது வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டே கலந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மஞ்சளை விமானத்துக்குப் பூசினார். காய்ந்ததும் இரண்டு பேரும் பார்த்தார்கள். பொம்மை போய்விட்டது. எங்கோ தூரத்தில் நிஜமாகவே ஒரு விமானம் வந்து இறங்கி நின்றது.

சந்தோஷத்திலும் சென்னியப்பனுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்தார்.

“அப்ப இது பொய்யுங்களா, அம்மிணி?”

“இல்லீங்கண்ணா. அது மறுநாள் கையில எடுத்த கலரு.”

அடுத்த ஞாயிறு, டீச்சரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லி அக்காவைக் கூட்டிவந்தார். சுகந்தி விமானத்தை ஜன்னலோர மேசைமேல் வைத்திருந்தார். எண்பதைப் பதினாறால் வகுத்து, மேசையிலிருந்து ஐந்து தப்படி நடந்து, வாசற்படி அருகே தரையில் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டிருந்தார்.

“அம்மா, அந்தக் கோட்டுகிட்டயே கொஞ்சம் நில்லுங்க.”

பாவாத்தாள் நின்றாள். எதற்கு என்று கேட்கத் திரும்பியவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

இடது இடுப்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. இடக்கை வளைந்து, அங்கே இல்லாத ஒரு குழந்தையை அணைத்துக்கொண்டது.

“இதேதான்,” என்றாள். “இதே மஞ்சத்தான்.”

எட்டு மாதமாகக் காத்திருந்த சொல். சென்னியப்பன் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“அக்கா, அன்னிக்குக் காதுகுத்துல நான் சொன்னது...”

பாவாத்தாள் அவரை முடிக்க விடவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மேசையைவிட்டு எடுக்கவில்லை.

“சாமி, இப்பக் கிட்டப் போலாமா? அழுவமாட்டயல்ல?”

சென்னியப்பன் அக்காவின் கையை விடாமல் கோட்டைத் தாண்டி முதல் தப்படி வைத்தார்.