செவ்வாய்க்கிழமை போட்ட கட்டைவிரல்

அநியாயம் நடந்தது மெர்சிக்கு. நடந்த இடம் ஒரு டீக்கடை. அந்த டீக்கடைக்கும் அவளுக்கும் எழுநூறு கிலோமீட்டர் தூரம்.

தக்கலையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் அவள். சென்னை அலுவலகத்தில் ஐந்து பேர். கடலுக்குப் போகிறவர்களின் கைப்பேசிக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்றைச் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இணையக் கூட்டத்தில் மெர்சி சொன்னாள்: "எச்சரிக்கை எழுத்தா போகக்கூடாது. குரலா போகணும்."

சென்னை அறையில் யாரோ சிரித்தார்கள், வேறு எதற்கோ. யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். கூட்டம் முடிந்தது.

ஐந்து பேரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். திரும்பி மேலே ஏறி வரும்போது எல்லாம் முடிவாகியிருந்தது. வேலைப் பட்டியலில் ஏறியது: குரல் எச்சரிக்கை, யோசனை: பிரசன்னா. வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டத்தில் அந்த வேலையின் பொறுப்பும் ஐந்து பேரில் ஒருவனான அவனுக்கே போகப்போகிறது.

மெர்சி கொதித்தாள். ஆள் தூரத்தில் இருந்தால் வாயுமா தூரத்தில் இருக்கிறது? அன்று முதல் அவள் பிரசன்னாவுக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் 'வணக்கம் திருடரே' என்றே தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாச்சம்மையைத் திரையில் பிடித்தாள்.

நாச்சம்மை குழுவின் தலைவி. குன்னூரில் இருக்கிறாள். மெர்சியைவிட நாலு வயது சின்னவள். அவளிடம் நியாயம் கேட்டுப் போனவர்கள் பதிலோடு திரும்பியதில்லை. ஏதாவது வேலையோடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

"என் யோசனையைத் திருடிட்டாங்க."

"யாரு?"

"டீக்கடை!"

நாச்சம்மை சிரிக்கவில்லை. கேரட் கடித்துக்கொண்டிருந்தாள்.

"விவரமா சொல்லுங்க."

மெர்சி சொன்னாள். சொல்லச் சொல்லச் சூடேறியது.

"பக்கத்துல இருக்கிறவன் தும்மினாகூட அது கருத்து. தூரத்துல இருக்கிறவ தொண்டை கிழியக் கத்தினாலும் அது நெட்வொர்க் கோளாறு. இது என்ன நியாயம், சொல்லுங்க பாப்போம்?"

"நியாயமே இல்ல."

மெர்சி தடுமாறிப்போனாள். வாதாட இன்னும் பாதி பாக்கியிருந்தது.

"அன்னைக்கு நான் லீவு," என்றாள் நாச்சம்மை. "கூட்டத்துல எத்தனை பேர் இருந்தீங்க?"

"ஆறு. அவங்க அஞ்சு, நான் ஒண்ணு."

"வருகைப் பட்டியல்ல ஏழுன்னு இருக்கு."

"ஏழா?"

நாச்சம்மை மிச்சக் கேரட்டை வாயில் போட்டுக்கொண்டு இணைப்பைத் துண்டித்தாள்.

மெர்சிக்கு வந்ததே கோபம்! நியாயம் கேட்டு வந்தவளிடம் தலை எண்ணச் சொன்னால் எப்படி? எண்ணிக் காட்டுகிறேன் என்று அன்றைய கூட்டத்தின் பதிவைத் திறந்தாள்.

அறைக்குள் ஐந்து தலைகள். இன்னொரு கட்டத்தில் அவள். கீழே மூலையில், முகம் தெரியாத ஒரு கறுப்புக் கட்டம். அதில் ஒரு பெயர்: ஜெயசீலி.

ஜெயசீலி! தங்கச்சிமடத்துப் பெண். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அங்கே இணைப்பு அவ்வளவு மோசம். படம் வராது, குரல் உடைந்து உடைந்து வரும். எதைச் சொல்வதானாலும் சாட்டில்தான் எழுதுவாள்.

மெர்சி சாட்டைத் திறந்தாள்.

பதினொன்று ஏழுக்கு ஜெயசீலி எழுதியிருந்தாள்: "எங்கப்பா படகுல போனைக் கவர்ல சுத்தி வெச்சிருப்பார். ஈரக் கையோட பிரிச்சுப் படிக்கமாட்டார். சத்தமா சொன்னா காதுல விழும்."

மெர்சி பேசியது பதினொன்று இருபதுக்கு.

அந்தச் செய்திக்குக் கீழே ஒரே ஒரு கட்டைவிரல் குறி. போட்டவர் பெயரும் இருந்தது.

மெர்சி.

அவளுக்கு நினைவே இல்லை. எது வந்தாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குத் தாவுவது அந்தக் குழுவில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கண் படித்திருக்கிறது. விரல் அழுத்தியிருக்கிறது. பதின்மூன்று நிமிடம் கழித்து வாய் அதைத் தன்னுடையதாகச் சொல்லியிருக்கிறது.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

நாலு மணிக் கூட்டத்தில் சென்னை அறை காலியாகக் கிடந்தது. ஐந்து பேரும் அவரவர் நாற்காலியில், காதில் ஹெட்போனோடு, ஆளுக்கொரு கட்டத்தில் இருந்தார்கள். நாச்சம்மையின் உத்தரவு.

"கை நீட்டினா தொடுற தூரத்துல இருக்கிறவனை நான் திரையில பாக்கணுமாம்," என்று பிரசன்னா அலுத்துக்கொண்டான்.

"குரல் வேலை யார் பொறுப்பு?" என்று கேட்டாள் நாச்சம்மை.

"நான் பேசணும்," என்றாள் மெர்சி. "அது பிரசன்னா யோசனை இல்ல."

"ஆரம்பிச்சாச்சுப்பா!"

"என் யோசனையும் இல்ல. ஜெயசீலியோடது. எனக்கு முன்னாலேயே எழுதியிருக்கா. பொறுப்பும் அவளுக்குத்தான் போகணும்."

"அப்ப மூணு நாளா என்னைத் திருடன்னு சொன்னியே?"

"நீயும் திருடன்தான். நான் உனக்கு சீனியர்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்தது.

நாச்சம்மை கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிற வேலைப் பட்டியலில் பிரசன்னாவின் பெயரை அழித்தாள். ஜெயசீலி என்று அடித்தாள்.

மெர்சிக்கு அது போதவில்லை.

"ஜெயசீலி, நீ ஏன் அன்னைக்கே சண்டை போடல? உன் வார்த்தையை எடுத்து நான் பேசுறேன், நீ சும்மா இருக்கே! ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

கறுப்புக் கட்டம் அசையவில்லை. சாட்டில் மூன்று புள்ளிகள் துள்ளின. ஜெயசீலி எழுதுகிறாள்.

புள்ளிகள் நின்றன. மறுபடி துள்ளின.

யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் சிப்ஸ் பிரிக்கவில்லை. ஏழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் வந்தது.

"நீங்க கட்டைவிரல் போட்டிருந்தீங்களேக்கா. எனக்காகத்தான் பேசுறீங்கன்னு நினைச்சேன்."