இஞ்ஞாசி வாங்கிய மோட்டார்

“கார்பரேட்டர் மோட்டாரா, இன்ஜெக்‌ஷன் மோட்டாரா? நீரே சொல்லும், ஆசானே” என்று கேட்டான் இஞ்ஞாசி.

கஸ்பார் பழைய மோட்டாரின் மூடியைக் கழற்றினார்.

கடற்கரையில் படகு மோட்டார் பழுது பார்ப்பவர் அவர். மோட்டாரைக் கழற்றிப் பூட்ட இஞ்ஞாசிக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இருவருக்கும் ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியாயிற்று. வாயைத் திறக்காமலே ஆசான் என்று பேர் வாங்கிவிட்ட மனிதர்.

பதில் சொன்னது இஞ்ஞாசியின் மனைவி மெட்டில்டா. அவளை யாரும் கேட்கவில்லை.

இந்த மாதத்தில் மட்டும் மோட்டார் மூன்று தடவை நடுக்கடலில் நின்றுவிட்டது. கடைசித் தடவை பகல் முழுக்க நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போன மனுசனைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கயிறு கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் ஒரு படகும் வராவிட்டால்? இன்ஜெக்‌ஷன் மோட்டார் தனக்கு வேண்டியதைத் தானே அளந்து குடிக்குமாம். இதில் ஆசானிடம் வந்து கேட்க என்ன இருக்கிறது?

குறை மோட்டாரில் இல்லை, மண்ணெண்ணெயில்தான் என்றான் இஞ்ஞாசி. எல்லாம் கலப்படம். கார்பரேட்டர் என்றால் கழற்றி, ஊதி, மாட்டிவிடலாம். இன்ஜெக்‌ஷன் நின்றுபோனால் லேப்டாப்போடு ஆள் வரவேண்டும்.

“நடுக்கடலுக்கு எந்த லேப்டாப்காரன் வருவான்?”

“நிக்கிற மோட்டாருக்கு நூறு வைத்தியம் தெரிஞ்சு என்ன? நிக்காம ஓடினாப் போதாதா?” என்றாள் மெட்டில்டா.

இஞ்ஞாசி பழைய மோட்டாரைத் தடவிக்கொடுத்தான். கரை நெருங்கியதும் மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றுவான். மோட்டாரின் குரல் மாறும். அதைக் கேட்டுத்தான் வீட்டில் இவள் உலை வைப்பாள். புது மோட்டார் பூனை மாதிரி வந்து நிற்கும். சோறு எப்போது வேகும்?

“குக்கர் வாங்கிப் பத்து வருஷமாச்சு.”

இதற்குள் கஸ்பார் கார்பரேட்டரைப் பிரித்திருந்தார். உள்ளேயிருந்து ஜெட்டை எடுத்தார். நகத்தளவு பித்தளை, நடுவில் ஓர் ஊசித்துளை. மோட்டார் குடிக்கும் எண்ணெயெல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் போகவேண்டும்.

“எப்பச் சுத்தம் பண்ணினீரு?”

“நேத்து. நானேதான்.”

“பாரும்வே.”

இஞ்ஞாசி ஜெட்டை வெயிலுக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடினான். கிட்டே கொண்டுவந்தான். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தான். மறுபடி கிட்டே.

“பளிச்சுன்னு இருக்கு.”

கஸ்பார் அதை வாங்கி மெட்டில்டாவிடம் நீட்டினார்.

“நீ பாரு, தங்கச்சி.”

அவள் பார்த்தாள். துளை முழுக்கக் கறுப்பாகக் கசடு. வெளிச்சம் ஒரு பொட்டுகூட இல்லை.

கல்யாணமான வருஷம் இஞ்ஞாசி பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு இவளைப் படகில் கூட்டிக்கொண்டு போனான். பாதி வழியில் மோட்டார் நின்றது. பட்டுச்சேலையில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டதென்று இவள் திட்டித் தீர்த்தாள். அவன் வலையிலிருந்து ஒரு நைலான் இழையை அறுத்தெடுத்து, ஜெட்டுக்குள் விட்டு உருவி, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். உள்ளே வானம் தெரிகிறது, பார்க்கிறாயா என்று கேட்டான். இவள் கோபத்தில் பார்க்கவில்லை.

“என்ன தெரியுது?” என்றார் கஸ்பார்.

“சுத்தமாத்தான் இருக்கு. அவங்க சொல்றது சரிதான்.”

கஸ்பார் கடலைப் பார்த்தார்.

இஞ்ஞாசி மனைவியின் முகத்தைப் பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் உடனே ஆமாம் போட்டதில்லை.

அவள் கையிலிருந்து ஜெட்டை எடுத்து ஆசானிடம் கொடுத்தான்.

“இன்ஜெக்‌ஷனுக்கே சொல்லிவிடும்” என்றான்.