மூன்றடிக்குள் ஒரு சுவர்

உலகத்தில் அறிவைப் பங்கு வைத்த அன்றைக்குப் பனிக்கரட்டில் கடும் மூடுபனியாம். பங்கைக் கொண்டுவந்தவர் வழி தெரியாமல் பாதி மலையிலேயே திரும்பிப் போய்விட்டாராம். கீழே சமவெளியில் இருப்பவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லாததால் நான் சொல்ல மாட்டேன். ஆதாரம் உள்ளதை மட்டும் சொல்கிறேன். அந்த மலையூரில் ஆண்டியப்பன், சடையன், தொப்பளான் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். உருளைக்கிழங்கு விவசாயம். அவர்களுக்கு வீரணன் என்றொரு தாய்மாமன். யோசிப்பதற்கென்றே அவரை வீட்டில் வைத்திருந்தார்கள்.

வீடு பெரியது. பழைய எஸ்டேட் துரை ஒருவர் கட்டிய கல்வீடு. பின்னறையில் எருமைக்கன்று அளவுக்கு ஓர் இரும்புக் கணப்பு நின்றது. வெளியே உள்ள டேங்கிலிருந்து அதற்கு எண்ணெய் வரும், உள்ளே எரியும். புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். வெக்கை இன்னொரு பெரிய தகரக் குழாய் வழியாகக் கூடத்துக்கு வரும். அப்பா இருந்தவரை அதை அவர் ஒருவரே தொடுவார். பிள்ளைகளைப் பெற்றவருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியாதா? சித்திரையில் அவர் காலமானார். மார்கழி வந்தது.

ஆண்டியப்பனுக்கு வயது நாற்பத்தொன்று. அதுவரை பதினேழு இடத்திலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். நிலத்தைப் பார்த்தார்கள், பிடித்தது. கிழங்கைப் பார்த்தார்கள், பிடித்தது. அண்ணன் தம்பிகளோடு கால்மணி நேரம் பேசினார்கள், வந்த பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போனார்கள். பதினெட்டாவதாக அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெரியகருப்பன் என்பவர் சொல்லியனுப்பினார்: "மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் சரி. என் மகள் வெயிலில் வளர்ந்தவள். வெள்ளிக்கிழமை காலையில் நானே வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்குக் குளிர்ந்தால் பெண் கிடையாது."

ஆண்டியப்பன் இதைக் கேட்டுவிட்டு மாமனின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இதுவும் போச்சுன்னா இனி யாரும் மலையேறி வரமாட்டாக."

"கலங்காதே மாப்ளே. கணப்பு இருக்கு, நான் இருக்கேன்" என்றார் வீரணன். அதில் பாதிதான் ஆறுதல்.

திங்கட்கிழமை கீழ்க்கடைவீதியிலிருந்து மெக்கானிக் ஞானதுரை வந்தார். நல்ல மெக்கானிக். வடிகட்டியை மாற்றினார், பர்னரைத் துடைத்தார், புகைபோக்கியில் இருந்த பறவைக்கூட்டை எடுத்தார், கணப்பை ஓடவிட்டுக் காட்டினார். போகும்போது ஒரு காகித அட்டையில் ஏழு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்.

"இதுல எழுதியிருக்கிறபடி செய்ங்க. ஒண்ணு கூட்ட வேணாம், ஒண்ணு குறைக்க வேணாம். அது போதும்."

வாழ்நாள் முழுதும் இயந்திரங்களோடு மட்டுமே பழகியவர். அப்படித்தான் பேசுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நால்வரும் குளித்து, விபூதி பூசி, அட்டையின் முன் உட்கார்ந்தார்கள். தொப்பளான் ஐந்தாவது வரை படித்தவன், அவன் வாசித்தான். "ஒண்ணு. கணப்பைச் சுத்தி மூணடிக்குள்ள எந்தப் பொருளும் இருக்கக் கூடாது."

விறகு, சாக்கு, பழைய கட்டில், கோழிக்கூடை எல்லாம் வெளியே போயின. இதுவரை நியாயம். பிறகு வீரணன் முழக்கயிற்றால் அளந்து, கணப்பைச் சுற்றி அரிசிமாவில் கோடு போட்டார். கோடு பின்பக்கம் வந்ததும் நின்றது.

"என்ன மாமா?"

"சுவரு இடிக்குது. கணப்புலேர்ந்து சுவரு ஒண்ணரை அடியிலே இருக்கு."

சடையன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"சுவரு ஒரு பொருளா மாமா?" என்று ஆண்டியப்பன் கேட்டான்.

"கல்லு பொருள். சாந்து பொருள். ரெண்டையும் சேத்தா மட்டும் இல்லேன்னு ஆயிருமா?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நானே முயன்றேன், முடியவில்லை. ஓட்டை சுவரில்தான் விழுந்தது. மாலைக்குள் பின்சுவரை முழுவதுமாக இடித்துத் தோட்டத்தில் குவித்தார்கள். அதே அளவுகோலின்படி கூடத்துக்கு வெக்கை கொண்டுபோகும் தகரக் குழாயும் மூன்றடிக்குள் இருந்தது. அதையும் கழற்றினார்கள். புகைக்குழாயில் சடையன் கை வைத்தபோது தொப்பளான் தடுத்தான்.

"அதைத் தொடாதேண்ணே. புகைபோக்கிக்குத் தனியா அஞ்சாம் நம்பர் இருக்கு. அதோட முறை வரட்டும்."

இரண்டாவது விதி, அறையில் காற்று தாராளமாக வந்து போக வேண்டும் என்றது. நால்வரும் இடிந்த சுவர் வழியாகத் தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். ஒரு விதியைச் செய்தபோது இன்னொன்று தானாக நிறைவேறிவிட்டதில் அவர்களுக்கு மிகுந்த திருப்தி.

புதன்கிழமை கணப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெக்கை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அட்டையில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது விதி, டேங்கின் அளவு காட்டும் முள் கால்வாசிக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது என்றது. காவலுக்கு உட்காரவைத்த சடையன் பதினோரு மணிக்கு அலறினான்.

"மாமா! முள்ளு இறங்குது!"

"எண்ணெய் வாங்கியாரணுமே" என்றான் ஆண்டியப்பன்.

"லாரி சனிக்கிழமைதானே வரும். அதுவரைக்கும் முள்ளு நிக்குமா? முள்ளு இறங்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. எதை ஊத்தணும்னு எழுதலையே" என்றார் வீரணன்.

நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். முள் கம்பீரமாக எழுந்து பாதிக்கு வந்தது. எண்ணெய் தண்ணீர்மேல் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும், டேங்கின் குழாயும் அடியில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். தொப்பளான் ஐந்தோடு நின்றவன் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன்.

அரைமணி நேரத்தில் கணப்பு இரண்டு முறை இருமியது. பிறகு அணைந்தது.

"நாலு" என்று வாசித்தான் தொப்பளான். "அணைஞ்சா சிவப்புப் பட்டனை ஒரு தடவை அழுத்தலாம். ரெண்டாம் தடவை அழுத்தக் கூடாது. என்னைக் கூப்பிடவும்."

மூன்றடிக்குள் ஆளும் நிற்கக் கூடாது என்று ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்ததால், ஆண்டியப்பன் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு நீள மூங்கிலால் பட்டனைக் குத்தினான். கணப்பு உறுமியது, ஓய்ந்தது.

"போச்சு. ஞானதுரையண்ணனைக் கூப்பிடுவோம்" என்றான்.

"அவசரப்படாதே மாப்ளே. உன் தடவைதான் முடிஞ்சிருக்கு. எனக்கு இன்னும் ஒரு தடவை அப்படியே இருக்கே."

வீரணன் அழுத்தினார். சடையன் அழுத்தினான். தொப்பளான் அழுத்தினான். வீட்டில் ஆள் தீர்ந்ததும் கிழங்கு மூட்டை ஏற்ற வந்த ஒன்பது பேரை வரிசையில் நிறுத்தினார்கள். யாரும் தவறிப்போய் இரண்டாம் தடவை அழுத்திவிடக் கூடாதென்று, அழுத்தியவர் விரலிலெல்லாம் சடையன் சொட்டுநீலம் வைத்தான். தபால்காரர் எதற்கென்று கேட்காமல் ஒரு குத்துக் குத்திவிட்டு, நீல விரலோடு போனார். ஆக மொத்தம் பதினான்கு. ஒவ்வொரு குத்துக்கும் கணப்பின் வயிற்றுக்குள் கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் பீய்ச்சியது. எதுவும் எரியவில்லை. எல்லாம் உள்ளே தேங்கி, தரையில் வழிந்தது.

"என்னமோ வாடை அடிக்குதே" என்றான் ஆண்டியப்பன். "வெள்ளிக்கிழமை அவுக வரும்போது இப்படி நாறுனா நல்லாவா இருக்கும்? ஒரு ஊதுபத்தி கொளுத்துவோம்."

"நில்லு!" தொப்பளான் அட்டையைத் தூக்கிக் காட்டினான். "ஆறு. எண்ணெய் வாடை வந்தா தீக்குச்சி உரசக் கூடாது."

"தீக்குச்சிதானே கூடாது. லைட்டர்?"

வீரணன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "லைட்டரைப் பத்தி ஒண்ணும் சொல்லலே. தேடுங்கடா."

வீடு முழுக்கத் தேடினார்கள். அந்த வீட்டில் லைட்டர் இல்லை. இந்தக் கதைக்கு மேற்கொண்டு ஆள் இருப்பது அதனால்தான்.

நீல விரல் தபால்காரர் கீழ்க்கடைவீதியில் சொன்னதைக் கேட்டு ஞானதுரை வியாழக்கிழமை காலையில் ஓடிவந்தார். பின்னறை வாசலில் நின்றவர் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"சுவரு எங்கேடா?"

"மூணடிக்கு அங்கிட்டுப் பத்திரமா இருக்குண்ணே."

"டேங்க்ல தண்ணி ஊத்துனது யாரு?"

"முள்ளு இறங்குச்சுண்ணே."

"பதினாலு தடவை அழுத்தினீங்களாமே!"

"யாரும் ஒரு தடவைக்கு மேலே அழுத்தலே" என்று வீரணன் கண்ணியத்தோடு சொல்லித் தம் நீல விரலைக் காட்டினார்.

ஞானதுரை சட்டைக் கையை மடித்துவிட்டார். டேங்கைக் காலி செய்தார். உள்ளே தேங்கியதை வடித்து, துடைத்து, காயவைத்தார். தரையில் மணல் போட்டு அள்ளினார். வண்டியிலிருந்து இரண்டு கேன் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். பட்டனை ஒரே தடவை அழுத்தினார். கணப்பு பசுமாடு போல் அமைதியாக எரிந்தது.

"எரியுது. ஆனா குழாயும் இல்லே, சுவரும் இல்லே. வெக்கை பூராத் தோட்டத்துக்குத்தான் போகும். வீண். அணைச்சிடறேன்."

ஆண்டியப்பன் அவர் காலில் விழாத குறை. "அண்ணே, நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கண்ணே. அது எரியறதையாவது பாக்கட்டும்ணே."

ஞானதுரைக்கு இரக்கம் வந்தது. புகைக்குழாய் சரியாக இருந்தது, காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆபத்தில்லை என்று தீர்மானித்தார். இடிப்பதற்கு முன் அந்தச் சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தது. நச்சுப்புகை சேர்ந்தால் கத்தி எழுப்புகிற பெட்டி. அதைத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இதுல பாட்டரி வேற தீரப்போகுது. நாளைக்கு மத்தியானம் கொத்தனாரையும் கூட்டிட்டு, பாட்டரியும் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீங்க யாரும் எதையும் தொடக் கூடாது. எதையும்! புரியுதா?"

புரிந்தது. அன்று மாலை அவர்கள் சாப்பிடவில்லை. தட்டைத் தொட வேண்டியிருந்தது. வாசல் கதவை ஞானதுரை திறந்து வைத்துவிட்டுப் போனதால் அது திறந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெரியகருப்பன் தம் மனைவி அங்கம்மாளோடு வந்தார். மேலே கம்பளி, தலையில் குரங்குக் குல்லா. கூடத்தில் உட்கார்ந்தார். திறந்த வாசல் வழியாக வந்த காற்று பின்னறை வழியாகப் பள்ளத்தாக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்கு பேரும் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எதிரே நின்றார்கள்.

"ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்றார் பெரியகருப்பன், பல் நடுங்க.

"அடுப்பங்கரையில இருக்குங்க. எங்களால தொட முடியாது."

"இது வீடா, ஐஸ் பெட்டியா? அங்கம்மா, கிளம்பு. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

ஆண்டியப்பனுக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைக்க முகத்தைத் தொட வேண்டும். விட்டுவிட்டான்.

காப்பியைத் தேடிப் பின்பக்கம் போயிருந்த அங்கம்மாளின் குரல் கேட்டது. "ஏங்க! இங்கிட்டு வாங்க! சித்திரை மாசமாட்டம் இருக்கு!"

எல்லோரும் இடிந்த சுவரைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனார்கள். கணப்பு அங்கே வெக்கையை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பெரியகருப்பன் முதலில் குல்லாவைக் கழற்றினார். பிறகு கம்பளியை. பிறகு மேல்பொத்தானை அவிழ்த்துவிட்டு, வீட்டையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். அவருக்கு யோசனை வந்ததைப் பார்த்ததும் வீரணனுக்குத் தம்முடைய சொந்தக்காரர் யாரையோ பார்ப்பது போலிருந்தது.

"ஊருல எல்லாப் பயலும் வீட்டுக்குள்ள சூடு பண்ணுவான். அப்புறம் சூடு வெளியே போயிருமேன்னு கதவைச் சாத்திட்டுப் பயந்துக்கிட்டே கிடப்பான்" என்றார் பெரியகருப்பன். "நீங்க முதல்லயே வெளியே கொண்டாந்து வச்சிட்டீக. இனிமே அது எங்கிட்டுப் போகும்? போக இடமே இல்லையே!"

வீரணன் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "நாப்பது வருஷமா யோசிக்கிறேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டாக."

"பொண்ணைக் குடுத்தாச்சு. கேட்டுக்கங்க, இனிமே இதுதான் உங்க கூடம். அதுதான்" என்று கல்வீட்டைக் காட்டினார், "வெளி."

நாற்காலிகளைப் பெரியகருப்பனே தூக்கிவந்து கொய்யா மரத்தடியில் போட்டார். அவரைத் தொடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. தாம்பூலத் தட்டு மாற்றுவதில்தான் கொஞ்சம் சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தொட முடியாது. அதனால் அங்கம்மாள் இடக்கைப் பக்கமாகப் பெண் வீட்டுத் தட்டையும், வலக்கைப் பக்கமாக மாப்பிள்ளை வீட்டுத் தட்டையும் வைத்துக்கொண்டு, தானே கொடுத்துத் தானே வாங்கினாள். ஆண்டியப்பன் நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

அந்தச் சமயம் பார்த்துக் கொய்யா மரத்துப் பெட்டி பாட்டரி தீர்ந்து கத்தியது. கீச். கீச்.

தொப்பளான் நிமிர்ந்து நின்று கடைசி விதியைப் பார்க்காமலே சொன்னான். "ஏழு. பெட்டி கத்துனா எல்லாரும் உடனே வெளியே போயிரணும். நான் வந்து சொல்றவரைக்கும் உள்ளே வரக் கூடாது."

"ஓடுங்க!" என்றார் பெரியகருப்பன். "எல்லாரும் வெளியே ஓடுங்க!"

மத்தியானம் ஞானதுரை கொத்தனாரோடு பின்பக்கமாகத் தோட்டத்துக்குள் வந்தார். கொய்யா மரத்தடியில் காலி நாற்காலிகள். கணப்பு அமைதியாக எரிந்தது. பெட்டி கத்திக்கொண்டிருந்தது. கல்வீட்டின் கூடத்து ஜன்னலில் ஆறு முகங்கள், குளிரில் நீலம் பாரித்து, தெரிந்தன.

"டேய்! வீட்டுக்குள்ள என்னடா பண்றீங்க?"

"வீட்டுக்குள்ள இல்லண்ணே" என்றான் ஆண்டியப்பன், பல் கிட்டிக்க, முகம் முழுக்கப் பூரிப்போடு. "பெட்டி கத்துச்சு, எல்லாரும் வெளியே வந்துட்டோம்."

பெரியகருப்பன் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிப் பதறினார். "ஏம்ப்பா, உசிரு மேல ஆசை இல்லையா? பெட்டி அந்தக் கத்து கத்துது, ரெண்டு பேரும் உள்ளேயே நின்னா எப்படி? வெளியே வாங்கப்பா!"

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு, வாசல் வழியாக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.