நட்சத்திரக் காலுக்கு ஒரு வள்ளம்

கடலறியச் சொல்கிறேன், கரையறியச் சொல்கிறேன், உப்பில் கையடித்துச் சொல்கிறேன்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் ரெண்டு பல்லும் இப்பவே உதிரட்டும்!

கோணத்துறை கால்பந்துக் கழகத்தின் தலைவர் ததேயூஸ். கோப்பையை வென்றே தீருவதென்று, குடும்பத்துக்குச் சோறு போட்ட ஒரே மீன்பிடி வள்ளத்தை விற்று, ரொசாரியோ என்ற பழைய நட்சத்திர ஆட்டக்காரரை வாங்கிவந்துவிட்டார். ஒரு காலத்தில் ரொசாரியோ உதைத்தால் வலை கிழியும். இப்போது உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் துருப்பிடித்த கதவு மாதிரிக் கத்தும்.

“கோப்பைப் பணத்துல வள்ளம் திரும்பி வரல்லைன்னா, உம்மைக் கடல்ல மிதக்கவிட்டு, மேல ஏறி உக்காந்து மீன்பிடிப்பேன்” என்றாள் மனைவி பிலோமி. செய்யக்கூடியவள்தான்.

போதாக்குறைக்கு, ரொசாரியோவை விற்றுக்கொடுத்த தரகர் போகிறபோது சொல்லிவிட்டுப் போனார்: “பார்த்துப் பயன்படுத்துங்க. அந்தக் கால்ல இன்னும் பத்து நிமிஷ ஓட்டந்தான் மிச்சம்.”

உடனே கழகத்தார் கூட்டம் போட்டார்கள்.

“மைதானத்துக்கு நடந்தாலே பத்து நிமிஷமும் தீர்ந்திருமே மக்கா!” என்று பதறினார் ததேயூஸ்.

“அப்பம் நடக்கவே விடப்படாது. சாமியைத் தூக்குற கோயில் சப்பரம் சும்மாத்தானே கெடக்கு? அதுல ஏத்தித் தூக்குவோம்” என்றார் செயலாளர் வியாகுலம்.

இறுதி ஆட்டத்தன்று ரொசாரியோ சப்பரத்தில் மைதானம் புகுந்தார். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“எண்ணிப் பாரும் ஓய்!” என்றார் வியாகுலம். தூக்க எட்டுப் பேர், குடைபிடிக்க ஒருவர், கோல்காக்க ஒருவர், மேலே ஒருவர். பதினொன்று சரியாக இருந்தது. நடுவர் ஊதிவிட்டார்.

சப்பரத்தைக் கண்டால் நேர்ச்சையாக உப்பும் மிளகும் போடுவது அந்தக் கரை வழக்கம். பெண்கள் மைதானத்துக்குள் திரண்டார்கள். சப்பரம் அங்கங்கே நின்று நின்று போனது. கோல்காத்தவனும் மிளகு வாங்கக் கடைக்குப் போய்விட்டான். எதிரணி அடித்த கோல்களை எண்ணி நடுவருக்கே கை வலித்தது.

கடைசியில் பந்து தானாக வந்து ரொசாரியோவின் மடியில் விழுந்தது. எதிரே கோல். எதிரணிக் காவலன் சப்பரத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். ரொசாரியோ ஆசையாகக் காலைத் தூக்கினார்.

“காலை மடக்கும்! நிமிஷம் குறையுது!” என்று அலறினார் ததேயூஸ்.

“ஒரே ஒரு உதைய்யா...”

“வள்ளம் வித்து வாங்கின காலு. நீர் பாட்டுக்கு உதைப்பீரோ?”

தோற்றார்கள். ஆனாலும் பிறகு போட்ட கழகக் கூட்டத்தில் வியாகுலத்துக்கு ஒரே பெருமை: “நஷ்டமே இல்ல. பத்து நிமிஷமும் அப்படியே இருக்கு! தூக்கினவனுவளுக்குத்தான் அனுபவம் போதாது. அடுத்த வருஷம் எட்டுப் பழைய நட்சத்திரங்களை வாங்கித் தூக்கச் சொல்லுவோம்.”

“லேய், அவங்க காலும் தேயுமே! அவங்களை யாரு தூக்குவா?” என்றார் ததேயூஸ்.

“ஆளுக்கு எட்டுப் பேரை வாங்கணும். ஊர்ல இன்னும் எத்தன வள்ளம் கெடக்கு!”

கூட்டம் கைதட்டியது. அப்போது பிலோமி எழுந்தாள். ததேயூஸ் வியாகுலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

“ஒங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?” என்றாள். “அத்தன விலைகொடுத்து வாங்கினதை இப்படியா வெயில்ல போட்டு வைப்பாவ? வள்ளம் நின்ன இடத்துல வரிசையாக் கிடத்தி, ஓலை மூடணும். விரிசல் விடாம மீனெண்ணெய் தடவணும்.”

அன்று சாயங்காலமே, வெறுமனே கிடந்த தன் வள்ளத்தின் இடத்தில் ரொசாரியோவைக் கவிழ்த்துப் போட்டு, முதல் பூச்சை அவளே பூசினாள்.

இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வாய் பொறுக்காமல் சொன்னாலும், சொன்னது யாரென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் அந்தக் கரையில்தான் மீன் வாங்கியாக வேண்டும்.