மேல்பட்டறையும் கீழ்ப்பட்டறையும்

வேங்கைமாறன் ராஜ்ஜியத்தில் ஆற்றோரம் இரண்டு சாயப்பட்டறைகள். மேலே பொன்னுரங்கம் பட்டறை. நூறு ஆள், அவுரி நீலம். கீழே காத்தாயி பட்டறை. பத்து ஆள், மஞ்சள் சேலை. பொன்னுரங்கம் நீலக் கழிவை ஆற்றில் கொட்டுவார். அந்தத் தண்ணீரில் அலசினால் காத்தாயியின் மஞ்சள் பச்சையாகிவிடும். பாவம், வாங்க ஆளில்லாமல் பட்டறையை மூடும் நிலைக்கு வந்துவிட்டாள்.

அவள் முறையிட்டதும் ராஜா ஆணை போட்டார்: "சாயத் தண்ணீரைக் குழியில் தேக்கி, தெளிந்த பிறகே ஆற்றில் விட வேண்டும்."

மறுநாளே பொன்னுரங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! ஆட்கள் குழி வெட்டப் போனால் சாயம் யார் போடுவது? உற்பத்தி பாதியாகிவிடும். நாடே நொடித்துப்போகும்!"

நாடு என்று அவர் சொன்னது தன் பட்டறையைத்தான். ராஜா பயந்துபோய், ஆணையை ரத்து செய்ய ஓலையை எடுத்தார்.

சபை விகடர் திருமேனி குறுக்கிட்டார். "ஒரு நிமிடம், மகாராஜா. இளவரசி கல்யாணத்துக்கு ஐந்நூறு மஞ்சள் சேலை வேண்டும். மஞ்சள் தொட்டி காத்தாயி பட்டறையில்தான் இருக்கிறது. பத்து நாள் பொன்னுரங்கம் தன் ஆட்களோடு அங்கே போகட்டும், காத்தாயி தன் ஆட்களோடு மேலே வந்து நீலம் போடட்டும். அதுவரை யாருக்கும் குழி வேண்டாம்."

"குழி இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் போகிறேன்!" என்றார் பொன்னுரங்கம். கீழ்ப்பட்டறைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. காத்தாயிக்குத் தொழில் தெரியாது என்பது அவர் முடிவு.

ஐந்தாம் நாள் ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சேலை பச்சை. அவர் கைகளும் பச்சை.

"மகாராஜா, ஒன்றுகூடத் தேறவில்லை! நூறு பேரும் போட்டதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதலில் அந்தப் பொம்பளையைக் குழி வெட்டச் சொல்லுங்கள்!"

ராஜா காத்தாயியை அழைத்துக் கேட்டார்.

"நான் புதுசா ஒண்ணும் பண்ணலைங்க சாமி," என்றாள் அவள். "அவரு ஊத்துன எடத்துலதான் நானும் ஊத்துறேன்."

"ஐயோ, குழி வெட்டினால் இவள் உற்பத்தி பாதியாகுமே!" என்று திருமேனி பதறினார்.

"ஆனால் ஆகட்டும்! என் உற்பத்தி மொத்தமும் போச்சே!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

திருமேனி எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். பொன்னுரங்கம் அவர்களே மன்றாடிக் கேட்டுக்கொண்டதால், மேல்பட்டறைக்குக் குழி கட்டாயம்."

ராஜா கிரீடம் நழுவும்படி சிரித்தார். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் பொன்னுரங்கத்தின் நூறு ஆளும் சேர்ந்து குழி வெட்டி முடித்தார்கள்.

"திருமேனி, பரிசாக என்ன வேண்டும்?"

"அந்தப் பச்சைச் சேலை ஒன்று போதும், மகாராஜா. சபை வாசலில் கட்டித் தொங்கவிடுகிறேன். நாடு நொடித்துப்போகும் என்று அடுத்து வருகிறவர், அதை விலக்கிக்கொண்டு உள்ளே வரட்டும்."